எட்டரை மணி

எட்டரைக்கு என் போன் அடிக்கிறது.
அங்கே அப்போது காலை ஐந்து.
விடுப்பில் வந்து ஆறு நாளாகியும்
அலாரத்தை எடுக்கத் தோன்றவில்லை.
கோதை ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு
"ஒன் பஸ் வந்துருச்சும்மா" என்கிறாள்.

புதுவயலில் கண்ணுக்கெட்டியவரை அரிசி ஆலைகள்.
நான் வேலை பார்க்கும் ஊரின் பெயருக்குப்
படகு என்று அர்த்தம்.
கடல் கிடையாது. இருந்த ஆறுகளையும்
மண்ணுக்கடியில் குழாயில் விட்டுவிட்டார்கள்.
எழுதினால் லோட்ஸ், சொன்னால் வூச்.
பார்சலில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்த
கூரியர் பையன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான்:
அடைக்கலம் பொண்டாட்டி லாட்ஜில் இருக்காளாம்.

கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு அம்மாள்
அப்பளத்தை நொறுக்கியபடியே கேட்டாள்,
"எந்த ஊரு லாட்ஜு?"
வாஷிங் மெஷின் கதவுங்க, என்றேன்.
ஒரு ஷிஃப்டுக்கு நானூற்றுப் பத்து கதவு.
ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று
கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவ வேண்டும்.
அவள் என் கட்டைவிரலைப் பார்த்தாள்.
ரேகை தேய்ந்திருந்தது.
ரேஷன் கடையிலும் அன்று காலை
மூன்று முறை வைத்தேன்.
மெஷினுக்கு என்னைத் தெரியவில்லை.

முதல் பனி விழுந்த அன்று
பால்கனியில் காய்ந்த யூனிஃபார்மை
அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.
ஆலைக் குழாய் உமிச்சாம்பலைத் துப்பினால்
இங்கே கொடியைப் பார்த்து ஓடுவோமே,
அந்த ஓட்டம்.
கூட இருந்த ஒக்ஸானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
அப்புறம் அவள் ஊரில் விழுந்த சாம்பலைப் பற்றிச் சொன்னாள்.
எனக்குப் பாதிதான் புரிந்தது.
மீதியை நான் கேட்கவில்லை.

டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
எது விளக்கு வைக்கிற நேரமென்று குழம்பி
ஒரே நாளில் இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன்.
ஞாயிறு கடை கிடையாது.
சனி ராத்திரி தயிர் வாங்க மறந்தால்
திங்கள்வரை மோர் இல்லை.
கீழ்வீட்டு ஹலினா அம்மாள் நாலு வருஷமாக
ஒரே ஒரு வணக்கம்தான் சொல்கிறாள், சிரிப்பில்லாமல்.
எனக்குக் காய்ச்சல் வந்த வாரம்
கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது.
உள்ளே ஜாடியில் புளித்த மாவுச் சூப்,
நம் பழைய கஞ்சிக்குத் தங்கச்சி முறை.
வெறும் ஜாடியைக் கொடுக்கக் கூடாதென்று
கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தேன்.
அதற்கும் அதே வணக்கம்தான்.

நேற்று பீரோக் கதவில் விரல் நசுங்கியது.
அம்மா என்று வரவில்லை எனக்கு.
அங்கே லைனில் எல்லாரும் சொல்கிற
கெட்ட வார்த்தைதான் வந்தது, கத்தலாக:
குர்வா!
அடுப்படியிலிருந்து மாமியார் கேட்டார்,
"குருவா? வியாழக்கிழமை நாளைக்குல்ல?"
அடைக்கலம் என்னைப் பார்த்தார்.
அர்த்தம் கேட்கவில்லை.
ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, கரண்ட் இல்லை.
கோதை என் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு
வேர்வையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள்,
கழற்ற மாட்டாளாம்.
அப்பா போனில் எட்டரைக்கு அலாரம் வைத்திருந்தாள்.
'அம்மா எந்திரிக்கிற நேரம்' என்று பேரும் போட்டிருந்தாள்.
அக்டோபர் கடைசி ஞாயிறு
அதை ஒன்பதரையாக மாத்திக்கணும் என்றேன்.
அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பார்கள்.
"அந்த ஒரு மணி நேரத்த யாரு எடுத்துக்குவா?"
யாரும் எடுக்கறதில்லடி. கூடத்தான் வரும்.
அன்னைக்கி நைட் ஷிஃப்டுக்கு ஒன்பது மணி நேரம்.
இருட்டில் அடைக்கலம் புரண்டு படுத்தார்.
"அதுக்குக் காசு உண்டா?"
உண்டு, என்றேன்.
விசிறிமட்டையைத் தேடி எடுத்து
கோட்டின் காலருக்குள் அவளுக்கு வீசினார்.